அக்கா போட்ட துண்டு

ஏழு மணி வண்டிக்கு வந்தபோது, காத்திருப்பு அறையில் அக்கா வழக்கமாக உட்காரும் மரப்பெஞ்சைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் புதுப் பலகை: 'நூற்றாண்டுப் பழமை. அமரக் கூடாது.'

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக அவளைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். நாலு வருடமாக அந்தப் பெஞ்சுதான். கால் வீங்கியவளுக்குச் சாய்ந்துகொள்ள முதுகும், ஊன்றி எழக் கைப்பிடியும் வேண்டும். நடைமேடையில் போட்டிருக்கும் இரும்பு இருக்கைகளில் இரண்டுமே கிடையாது. ஸ்டேஷனுக்குப் பெயின்ட் அடிக்கக் காட்டிய அக்கறையில் கால்வாசியை ரயிலேறும் மனுஷர்கள் மேல் காட்டியிருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கீழே விட்டாள். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான். அக்கா ஏறி முடிக்கும்வரை பச்சைக்கொடி காட்டாமல் நிற்பவர்.

"எழுந்திருங்கம்மா. பத்து மணிக்குப் பெரிய அதிகாரிங்க வராங்க. இனிமே இது உட்கார்றதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு."

"நூறு வருஷமா உட்கார்ந்துதானே சார் இதை வழவழன்னு வச்சிருக்கோம்? பார்க்கட்டும். என்னையும் சேர்த்துப் பார்க்கட்டும். நான் மட்டும் என்ன புதுசா?"

"என் வேலைக்கே வேட்டு வச்சிடுவீங்க போலிருக்கே."

"கழட்டினது நான்னு சொல்லுங்க. என்னை எங்க பிடிக்கலாம்னுதான் உங்களுக்குத் தெரியுமே."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் ஒருத்தி சட்டென்று உள்ளே வந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள். நாங்கள் போகும் நாளெல்லாம் இதே வண்டிக்கு வருகிறவள், இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அக்கா எழுந்தாள். பையிலிருந்து துண்டை எடுத்து, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல பெஞ்சின் மேல் விரித்தாள்.

"நாளை மறுநாள் வருவேன் சார்."

வண்டி நகர்ந்தது. அறையின் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைக் கக்கத்தில் இடுக்கியபடி உள்ளே போய், துண்டை எடுக்கக் குனிந்தார். கை பாதியில் நின்றது. பிறகு சுருண்டிருந்த அதன் ஓரத்தை நீவி நேராக்கினார். கயிறு தரையில் கிடந்தது.