வென்டலின் புதுத் தோள்பட்டை

வென்டல் ஹோஸ்டெட்லரிடம் அறுபத்தாறாம் வருஷத்து கோர்வெட் கார் ஒன்று இருந்தது. கருநீல வண்ணம், மடக்கும் துணிக்கூரை. யாரோ ஒருவரின் பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்தோடு கிடந்ததை வாங்கி வந்து, பல வருஷம் அதோடு மல்லுக்கட்டி, கடைசித் திருகாணி வரை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஆக்கி வைத்திருந்தார். டயரையாவது இந்தக் காலத்து மாதிரி போடக் கூடாதா என்று மைத்துனன் ஒருமுறை கேட்டுவிட, அந்த வருஷம் குடும்பமே கூடும் நன்றி நாள் விருந்துக்கு அவனைக் கூப்பிடவே இல்லை.

கார் நிற்கும்போது கண்கொள்ளாத அழகு. ஓட்டுவதுதான் பெரும்பாடு, பழைய காலத்து ஸ்டீயரிங் அவ்வளவு கனம். அவர்கள் ஊரான ஃப்ரிமான்ட் கடைத்தெருவில் ஓர் இடுக்கில் நுழைத்து நிறுத்துவதற்குள் வென்டலுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிடும். அவர் மனைவி பாபி முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

போன நவம்பரில் அவருடைய வலது தோள் ஒரேயடியாகக் கைவிட்டது. தசைநார் கிழிந்துவிட்டது என்றார்கள். பக்கத்து நகரமான டொலீடோவில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் கனமாக எதையும் இழுக்கவோ திருப்பவோ கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வீட்டுக்கு வந்த வென்டல் சமையலறை ஜன்னல் வழியாக கராஜையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வித்துடலாம் பாபி."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க அவர் பேச்சே பாதியாகக் குறைந்துவிட்டது. டிவியில் கார் ஏதாவது வந்தால் எழுந்து போய்விடுவார். பாபியால் தாங்க முடியவில்லை. நம் கராஜில் ஈரம் இறங்குகிறது, காரைக் கொஞ்ச நாள் டுவெய்ன் பட்டறையில் வைக்கலாம் என்று சொல்லி அதை இழுவை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விட்டாள். டுவெய்ன் அந்த ஊர் மெக்கானிக். பாபியின் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவன்.

"ஸ்டீயரிங்க லேசாக்கணும் டுவெய்ன். வெளியில ஒண்ணும் தெரியக் கூடாது."

டுவெய்ன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "பண்ணலாம். டாஷ்போர்டுக்கு அடியில, ஸ்டீயரிங் தண்டுல ஒரு சின்ன மோட்டார் மாட்டினா போதும். தலையை உள்ள விட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா வென்டல் கண்டுபிடிச்சாருன்னா என்னைய உசுரோட புதைச்சிடுவாரு."

"அந்த மனுஷனால இப்ப மம்மட்டியே தூக்க முடியாது."

டுவெய்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கைய வெச்சது வெச்சோம், இக்னிஷனையும் எலக்ட்ரானிக்கா மாத்திடறேன், சாவியத் தொட்டதும் கிளம்பும். மேல பழைய மூடியவே போட்டுட்டா கடவுளுக்குக்கூடத் தெரியாது."

ஏப்ரலில் கார் வீட்டுக்கு வந்தது. விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று வென்டல் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை தாண்டியதும் விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று பாபி முடிவு செய்திருந்தாள். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது.

"பாத்தியா, போன வருஷம் நான் கார்புரேட்டர ட்யூன் பண்ணின அழகு."

தெருமுனையில் பழைய பழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை வெட்டினார். கார் சரேலென்று திரும்பி அடுத்த வீட்டுத் தபால் பெட்டிமேல் ஏறப் பார்த்தது. சட்டென்று பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, தன் வலது தோளைப் பார்த்தார். மெல்லச் சுழற்றினார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

"பாபி, அந்த டாக்டர் மனுஷனே இல்ல. தெய்வம்."

பாபி வாயைத் திறந்தாள். நவம்பருக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்க்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. வென்டல் டாக்டருக்குக் கேக் செய்யச் சொல்லி, அதை டொலீடோவுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அப்புறம் இன்னொன்று. சனிக்கிழமை மாலைகளில் ஐஸ்கிரீம் கடை வாசலில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். அங்கே போய், தோளில் கத்தி வைத்த கதையை வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னார். மே மாதக் கண்காட்சியில், எதுவும் மாற்றாத பழைய கார்களுக்கான முதல் பரிசாக அவர் காருக்கு நீல ரிப்பன் கிடைத்தது. ரிப்பன் கொடுத்தவர் அந்தப் பழைய கார்க்காரர்கள் மன்றத்தின் நடுவர் லைல் பாசெட். அவரிடமும் அதே வருஷத்துக் கோர்வெட் இருந்தது, சிவப்பு. ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மோப்பத்திலேயே சொல்லிவிடுவார் என்று பேர். ஆனால் அவருக்கும் தோள்வலி. குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட அவராலும் முடியாது.

ஜூனில் ஒரு சனிக்கிழமை லைல் வந்து வென்டலின் முதுகில் தட்டினார்.

"உன் பேச்சைக் கேட்டு நானும் தேதி வாங்கிட்டேன்யா. அடுத்த வாரம் டொலீடோவுல. உன் டாக்டர்தான்."

"உனக்கும் கிழிஞ்சிருச்சா?"

"கொஞ்சூண்டு. பயிற்சி செஞ்சாலே போதும், ஆபரேஷன் உங்க இஷ்டம்னாரு. உன்னப் பாத்தப்புறம் பயிற்சி எவனுக்கு வேணும்? நீ ஒத்த வெரல்ல ஓட்டறியேப்பா."

பாபி ஐஸ்கிரீம் கோப்பையைக் கீழே வைத்தாள். டாக்டருக்குக் கேக் போவது வேறு. இன்னொருவர் உடம்பில் வீணாகக் கத்தி விழுவது வேறு. ஆனால் இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? அவள் எழுந்தாள்.

"லைல், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி வென்டல் கார ஒரு சுத்து ஓட்டிப் பாரேன்."

"அவன் எதுக்கு என் கார ஓட்டணும்?" என்றார் வென்டல். ஓட்டச் சொல்லி அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

"இப்ப இருக்கிற தோளோட ஓட்டிப் பாக்கட்டும். அப்புறம் வித்தியாசம் தெரியுமில்ல?"

வென்டலுக்கு அது நியாயமாகப் பட்டது. பெருமையும் கூடவே பொங்கியது. "அப்போ உன் சாவியக் குடு லைல். என் தோள் என்ன பண்ணுதுன்னு உன் கார்லயே காட்டறேன்."

இருவரும் மாறி ஏறினார்கள். லைல் கருநீலக் காரைப் பின்னால் எடுத்தார், திருப்பினார். கடைக்கு முன்னால் இருந்த காலி மைதானத்தில் ஒரு வட்டம் போட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு வட்டம். அப்புறம் இன்னொன்று.

இரண்டு கார்களுக்கு நடுவில் நின்ற சிவப்புக் கார் வெளியே வரவில்லை. வென்டல் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தோளில் சுரீரென்றது. கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாபி போய் ஜன்னலோரம் நின்றாள்.

"பாபி, என் கார என்ன பண்ணின?"

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இக்னிஷனுமா?"

"அதுவுந்தான்."

"அப்போ என் கார்புரேட்டர்?"

பாபி ஜன்னலை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். அதற்குள் லைல் இறங்கி வந்துவிட்டார். சுற்றிலும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"போன மாசம் உன் காருக்கு நீல ரிப்பன் குடுத்தவன் நான்."

"திருப்பித் தந்துடறேன்."

"தந்துதான் ஆகணும்." லைல் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "யார்கிட்ட பண்ணினது?"

"என்னைக் கேக்காத. இதோ நிக்கறாளே, அவளைக் கேளு."

"டுவெய்ன்கிட்ட," என்றாள் பாபி.

"அவனுக்கு இப்ப வேலை நெறைய கெடக்கா?" என்று கேட்டார் லைல். திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியையும் ரத்து செய்துவிட்டார்.

வென்டல் வீட்டில் பேசவில்லை. உப்பு எங்கே, துண்டு எங்கே, அவ்வளவுதான். லைல் விஷயத்தில் பாபிக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த மனுஷன் தன் கையால் உருவாக்கியதில் அவருக்குத் தெரியாமல் கைவைத்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்: "உன்கிட்ட கேக்காம செஞ்சது தப்புதான் வென்டல். கேட்டிருந்தா நீ வித்திருப்ப."

அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை அவரைக் காணோம். கராஜில் போய்ப் பார்த்தால், கோர்வெட்டின் திறந்த கதவு வழியாக இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தலை டாஷ்போர்டுக்கு அடியில். உள்ளே டார்ச் வெளிச்சம்.

"அந்தப் பய ஒயரெல்லாம் எவ்ளோ சுத்தமா கட்டியிருக்கான்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு ஓட்டைகூட புதுசா போடல பாபி. வேணாம்னா அப்படியே கழட்டிடலாம்."

"தோள் வலிக்கலயா?"

"வலிக்குது. வெளிய வர முடியல. காலைப் புடிச்சு இழு."

அவள் இழுத்தாள். பாதி தூரம் வந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்து, அவள் பிடியை விட்டுவிட்டாள். ஒருவழியாக வெளியே வந்த வென்டல் கராஜ் தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நீ இத ஓட்டினதே இல்ல, இல்ல?"

"நீ எங்க குடுத்த?"

அவர் சாவியை நீட்டினார்.

கூரையை மடக்கிவிட்டு ஏரிப்பக்கம் போர்ட் கிளின்டனுக்குக் கிளம்பினார்கள். வழி நெடுக வென்டல், கியரை மாத்து, லாரி வருது பார், அங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"பின்னாடி அறுபது பிள்ளைங்க கத்தறப்பவே வண்டி ஓட்டினவ நான். நீ ஏரியைப் பாரு."

அவர் ஏரியைப் பார்த்தார். படகுத்துறைக் கடையில் பெர்ச் மீன் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். காற்றில் காகிதத் தட்டுகள் பறந்தன. வென்டல் ஒரு கையால் தட்டை அமுக்கிக்கொண்டு தின்றார்.

"அடுத்த மே மாசம் மாத்திக் கட்டின கார் பிரிவுலதான் நிறுத்தணும். அங்க வர்றவன்லாம் சின்னப் பசங்க."

"நிறுத்து. அந்தப் பசங்க கடுப்பாகட்டும்."

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டார்: "திரும்பிப் போறப்ப நான் ஓட்டட்டுமா?"

பாபி மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். கடைக்காரரைப் பார்த்து, இன்னொரு மீன் ரொட்டி என்று சைகை காட்டினாள்.