இருபத்துமூன்றாம் படத்திலிருந்து

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து அகதிகள் விடுதியான ஹைமில் ஸ்ரனிஸ்லாஸை எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை அவன் கேட்டு வாங்கவில்லை. வந்த புதிதில் ஒரு காலை, குளிர் விறைப்பு எடுபட முற்றத்தில் கையைக் காலை வீசிக்கொண்டிருந்தவனை ராசன் சன்னலால் பார்த்துவிட்டு, "மச்சான் கராட்டி பழகினனியோ?" என்று கேட்டான். "கொஞ்சம் தெரியும்" என்றான் ஸ்ரனிஸ்லாஸ். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது கொழும்பில் ஒரு ஜப்பான்காரரிடம் ஏழு வருடம் பழகியதாக வளர்ந்திருந்தது. ராசன் எதையும் குறைத்துச் சொல்கிறவன் அல்ல. ஸ்ரனிஸ்லாஸ் மறுக்கவில்லை. பருப்பு நல்ல சூடாக இருந்தது, குனிந்து சாப்பிட்டான்.

அவன் பழகியது ஒரு புத்தகத்தைப் பார்த்து. யாழ்ப்பாணத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் அகப்பட்ட, ஜப்பானிய மற்போர் பற்றிய ஆங்கிலப் புத்தகம். எழுதியவர் ஜப்பானில் ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தராக இருந்த இங்கிலாந்துக்காரர். முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பே அச்சானது. படங்களில் மீசை வைத்த இரண்டு வெள்ளைக்காரர்கள் கோட்டும் கழுத்தில் ரையும் காலில் சப்பாத்துமாக ஒருவரையொருவர் தூக்கி எறிந்தார்கள். தலைகீழாகப் போகிறவருக்கும் தலைமயிர் கலையவில்லை. முன்பக்கங்களைக் கறையான் தின்றிருந்ததால் புத்தகம் இருபத்துமூன்றாம் படத்திலிருந்துதான் தொடங்கியது. அவனும் மச்சான் யோசப்பும் மணற்காட்டுக் கடற்கரை மணலில் அதை விரித்து, காற்றுக்குப் புரளாமல் கல் வைத்து, ஒவ்வொரு படமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் உடம்பு என்ன செய்கிறது என்று படங்கள் காட்டவில்லை. அதை அவர்களே இட்டு நிரப்பினார்கள்.

ஹைமில் மாஸ்ரர் என்ற பெயருக்கு ஒரு வேலை இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் தேவாலய மண்டபத்தில் ஜெர்மன் வகுப்பு நடக்கும். போகிற வழியில் ரெயில் பாலம். அதன் அடியில் தலையை மழித்த நாலைந்து இளைஞர்கள் மொப்பெட்டுகளோடு நிற்பார்கள். பியர் ரின்னால் எறிவார்கள். ஒருநாள் சுந்தரேஸ்வரியின் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். நாற்பது வயதில் தனியே வந்து சேர்ந்த மனுசி. அதற்குப் பிறகு அவர் வகுப்புப் பக்கமே போகவில்லை. "இனி மாஸ்ரர் கூட வருவார் அக்கா" என்று ராசன் போய்ச் சொன்ன பிறகுதான் மறுபடி சப்பாத்தை மாட்டினார்.

அன்றைக்கே பாலத்தடியில் அந்த இளைஞர்கள் குறுக்கே வந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் முப்பத்தோராம் படத்தில் இருந்ததுபோல ஒரு காலை முன்னுக்கு வைத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றான். அவர்கள் பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு வழி விட்டார்கள். முப்பத்திரண்டாம் படம் இருந்த தாள் கிழிந்துபோயிருந்தது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு வந்த வியாழக்கிழமைகளில் எல்லாம் சுந்தரேஸ்வரியும் சிவமலரும் அவனோடுதான் போய்வந்தார்கள். சிவமலருக்கு இருபத்தாறு வயது. ஹைமில் ஜெர்மன் முதலில் வசப்பட்டது அவளுக்குத்தான். டொக்டரிடம் போனாலும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் மொழிபெயர்க்க அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மார்ச்சில், ஜெர்மன் படிப்பித்த அம்மா ஊர் ஜூடோ கிளப்பில் இந்த மாஸ்ரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கிளப் அழைத்தது. ஸ்ரனிஸ்லாஸிடம் கேட்காமலே ராசன் சம்மதம் சொல்லிவிட்டான்.

"கிழமையில ஒருநாள் ஹோலைச் சும்மா தருவினமாம். எங்கட பெடியள் எல்லாரும் பழகலாம். நீ ரெண்டு எறி எறிஞ்சு காட்டினாப் போதும்."

"நான் வரேல்லை எண்டு சொல்லு."

"விசரே உனக்கு? புதன்கிழமை எண்டு சொல்லிப்போட்டன். ஹைமில பாதிச் சனம் வருது."

அப்படியே வந்தது. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் பச்சைப் பாய்கள் விரித்திருந்தார்கள். ராசனும் மற்றவர்களும் சுவரோரத்து வாங்கில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சுந்தரேஸ்வரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். பயிற்சியாளர் புறொக்மன் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், ஐம்பது வயது தாண்டியவர், காதுகள் நசுங்கிப் போயிருந்தன. தடித்த வெள்ளை ஜூடோச் சட்டை ஒன்றை ஸ்ரனிஸ்லாஸுக்குக் கொடுத்து, தன்னை எறியச் சொன்னார்.

நாற்பதாம் படம் யோசப்பை நூறு தடவை எறிந்த படம். அதையே ஸ்ரனிஸ்லாஸ் தேர்ந்தான். இடது கை புறொக்மனின் கழுத்துப் பட்டியைப் பிடித்தது. வலது கை அவருடைய இடுப்புக்குப் போய், அங்கே தட்டையான துணியில் எதையோ தடவித் தேடியது. அகப்படவில்லை. கடைசியில் துணியைக் கொத்தாக அள்ளி, இடுப்பை உள்ளே கொடுத்துத் திரும்பினான். புறொக்மன் தோளுக்கு மேலால் போய்ப் பாயில் விழுந்தார். விழும்போதே கையால் பாயில் 'பட்' என்று அறைந்தார். வாங்கு முழுவதும் கை தட்டியது.

"பாத்தியளே!" என்றான் ராசன், எறிந்தது தானே என்பதுபோல.

புறொக்மன் எழுந்து, இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். இந்த முறை ஸ்ரனிஸ்லாஸின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை மறுபடியும் இடுப்பில் தடவியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறிய விடாமல் பாயில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்து, சிவமலரைப் பார்த்து நெடுநேரம் பேசினார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பாதியில் தலையாட்டல் நின்றது.

"என்னவாம்?" என்றான் ராசன்.

"நல்லா எறியிறாராம்."

"இவ்வளவு நேரமும் கதைச்சது அதுக்கோ?"

"ஜெர்மனில எல்லாம் நீளம்தான் ராசன் அண்ணை."

அவள் பாயின் ஓரத்துக்கு வந்து, வாங்குக்கு முதுகு காட்டி, ஸ்ரனிஸ்லாஸிடம் குரலைத் தாழ்த்தினாள். "உங்கட கை கோட்டுப் பொக்கற்றைத் தேடுதாம். ஜப்பான்காரரிட்டைப் பழகின ஒருத்தரும் அப்படித் தேடமாட்டினமாம். ஒரு பழைய இங்கிலிஸ் புத்தகத்திலதான் பொக்கற்றிலை பிடிக்கச் சொல்லியிருக்காம். இவரும் அதைப் பாத்துத்தான் பழகினவராம். யுத்தம் முடிஞ்சு இங்கை ஜூடோ தடையா இருந்த காலம், பிரித்தானிய ஆமிக்காரன் ஒருத்தன் குடுத்த புத்தகமாம். தகப்பன்ர கோட்டுப் பொக்கற் எல்லாத்தையும் கிழிச்சு அடி வாங்கினதாம்." ஒரு மூச்சு எடுத்தாள். "நான் அவையளுக்குச் சொல்லேல்லை."

ஸ்ரனிஸ்லாஸ் வாங்கைப் பார்த்தான். சுந்தரேஸ்வரி அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குள் புறொக்மன் எழுந்துவிட்டார். இப்போது என் முறை என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஸ்ரனிஸ்லாஸின் கழுத்துப் பட்டியைப் பிடித்தார். கை இரும்பாக இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் கீழே பாயைப் பார்த்தான். பாய்க்கு அடியில் மரத்தளம். மணற்காட்டில் எப்படி விழுந்தாலும் மணல் ஏந்திக்கொள்ளும். வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டு எழும்பினால் சரி. புறொக்மன் கையால் பாயில் அறைந்தது எதற்கென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"சிவமலர், நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"என்ன அண்ணை?"

"எனக்கு விழத் தெரியாது எண்டு சொல்லுங்கோ."

அதை அவன் இரகசியமாகச் சொல்லவில்லை. வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

"என்ன மாஸ்ரர், பகிடியே?" என்றான் ராசன். "ஜப்பான்காரன் ஏழு வருசமா விழப் படிப்பிக்கேல்லையோ?"

"ஜப்பான்காரர் ஒருத்தரையும் நான் கண்டதில்லை ராசன். கோட் போட்ட ரெண்டு வெள்ளைக்காரரைத்தான் கண்டனான். அதுவும் படத்தில. விழுற பகுதியைக் கறையான் திண்டுட்டுது."

ராசன் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அது கட்டித்தான் இருந்தது.

சிவமலர் மொழிபெயர்த்தாள். புறொக்மன் பிடியை விட்டார். முதல் இருபத்திரண்டு படங்களும், கையால் அறைந்து அடி படாமல் விழுவதைப் பற்றியவைதான் என்றார். தான் அந்தப் புத்தகத்தில் பழகிப் பத்து வருடம் கழித்து உண்மையான ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் பீலெஃபெல்டுக்கு வந்ததாகவும், தங்கள் கிளப்காரர்கள் எல்லோருடைய கையும் பொக்கற்றைத் தேடியதைப் பார்த்து அவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். அந்தக் கப்பல் எழுத்தர் ஜப்பானில் பழகியது ஆறு மாதமோ என்னவோ, மறந்ததை எல்லாம் திரும்பிப் போகும் கப்பலில் இருந்து தானே யோசித்து எழுதியிருப்பார், பாதி பிழை என்றார். ஆனால் அந்த மனிதர் எழுதாமல் விட்டிருந்தால் இந்த மண்டபத்தில் இன்றைக்குக் கூடைப்பந்துதான் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

"எந்தப் பாதி பிழை எண்டு கேளுங்கோ" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

சிவமலர் கேட்பதற்குள் அவன் காலை முன்னுக்கு வைத்து, கைகளை விரித்து, முப்பத்தோராம் படமாக நின்றுவிட்டான். பாலத்துக்குக் கீழே நின்ற அதே நிலை. புறொக்மன் அவனை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு இரண்டு விரல்களை அவன் நெஞ்சில் வைத்து மெல்லத் தள்ளினார். ஸ்ரனிஸ்லாஸ் பின்னுக்குப் போய்ப் பாயில் தொப்பென்று குந்தினான்.

வாங்கில் சுந்தரேஸ்வரியின் கை கொண்டைக்குப் போனது. போனது தெரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்தார்.

விழுவதற்குப் பழக்குகிற வகுப்பு அடுத்த புதன்கிழமை புதிதாகத் தொடங்குகிறது, யாரும் வரலாம் என்றார் புறொக்மன். பெண்களும் வரலாமா என்று சிவமலர் தன் கணக்கில் கேட்டாள். ஓம் என்றார்.

ஹைமுக்குத் திரும்பிய பிறகு யாரும் ஸ்ரனிஸ்லாஸைத் திட்டவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவன் பெயர் எதுவும் சொல்லாமல் "சோறு ஆறுது" என்று மட்டும் கூப்பிட்டான். ராசன் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "ஏழு வருசம் எண்டது நான் போட்ட கணக்குத்தான்" என்றான்.

மறுநாள் வியாழன். வகுப்பு நேரத்துக்கு ஸ்ரனிஸ்லாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். யாரும் வராவிட்டால் தனியாகவே போவது என்று நினைத்திருந்தான். வாசலில் சிவமலர் நின்றாள். சுந்தரேஸ்வரி படியில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்து போட்டிருந்தார், ஆனால் எழும்பவில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அந்த மொட்டையள் வந்து தள்ளினா விழுந்திடுவீங்களோ?"

"ஓம் அக்கா."

"விழுந்தா எழும்புவீங்களோ?"

"தெரியாது. அடுத்த புதன்தான் முதல் வகுப்பு."

"இவ்வளவு நாளும் தெரியாமல்தான் முன்னுக்கு நிண்டனீங்களோ?"

"ஓம்."

"பயமா இருக்கேல்லையோ?"

"இருக்கும் அக்கா. பாலம் வருமட்டும் படங்களை ஒண்டொண்டா எண்ணிக்கொண்டு வருவன்."

"அதுதான் போற வழியெல்லாம் வாய் திறக்கிறேல்லையோ! நாங்கள் அதை வேற மாதிரி நினைச்சிட்டம்" என்றாள் சிவமலர்.

சுந்தரேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவின் அந்தப் பக்கம், பாலம் இருக்கிற திசையைப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழும்பினார்.

"அப்ப பாலத்தால போக வேண்டாம். பெரிய ரோட்டால போவம். லைற் இருக்கு, சனமும் இருக்கும்."

"அது சரியான தூரம் அக்கா, வகுப்புத் தொடங்கிடும்" என்றாள் சிவமலர்.

"தொடங்கட்டும்."

மூன்று பேரும் பெரிய வீதியால் போனார்கள். கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். காற்று முகத்தில் அடித்ததால் குனிந்துகொண்டு நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பாடம் முடிந்துவிட்டது. ஜெர்மன் அம்மா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். சிவமலர் முன்வரிசைக்குப் போனாள். சுந்தரேஸ்வரி பின்வரிசையில் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்து, மற்றதை ஸ்ரனிஸ்லாஸுக்குத் தள்ளிவிட்டார்.