ஆறாவது விளக்கு

செம்பனைத் தோட்டத்துக்கென்றே இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புகள் ஐந்துதான். ஆனால் மேனேஜர் துரை பேசும்போதெல்லாம் பலகையில் ஆறாவது விளக்கும் எரிந்தது. எவனோ ஒட்டுக் கேட்கிறான்! லைன் வேலை பார்க்கும் டக்ளஸ் அந்தத் திருட்டு ஒயரைத் தேடிப் போனான். அது யூனியன்காரர் சேதுவின் லயத்து வீட்டுக் கூரைக்குள் நுழைவதைப் பார்த்ததும், அவசரக்குடுக்கை, ஆபீஸுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டான்.

ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி தங்கராஜு ஆள்களோடு பாய்ந்தார். இரும்புக் குழாயால் சேதுவின் இரண்டு கைகளையும் அடித்து முறித்தார். விழுந்தவரை வாயிலேயே மிதித்தார்.

பிறகு ஒயரைப் பிடுங்க டக்ளஸ் கூரையேறினான். ஒயர் அங்கே முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போனான். அது மறுபக்கம் இறங்கி, செம்பனை மரங்களுக்குள் ஓடி, கிராணி வீட்டுக் கட்டிலடியில் ஒரு டெலிபோனில் போய் முடிந்தது.

நிமிர்ந்தால், வாசலில் தங்கராஜு. குழாயில் இரத்தம் காயவில்லை.

"ஒயர் சேது வீட்டோட முடிஞ்சிருச்சுலா, டக்ளஸ்."

"முடிஞ்சிருச்சுங்கய்யா," என்றான் டக்ளஸ்.