பளிச்சென்று ஒரு தொட்டி

1

இந்தக் கதை ஒரு கறையால் கிடைத்தது. சட்டைப் பையில் பேனா கசிந்துவிட்டது. (எழுதுகிறவனின் பேனா கசிந்து கதை பிறந்தது என்றால் ஜோடித்த மாதிரிதான் இருக்கும். என்ன செய்ய, அப்படித்தான் நடந்தது. நம்ப முடியாதவர்கள் காப்பிக் கறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போன சலவைக்கடை அக்கா திரும்பி வரக் காணோம். எட்டிப் பார்த்தேன். சலவை மெஷின்களைத் தாண்டி, வெயில் விழுகிற பின்பக்கத்தில் ஒரு தொட்டி. அதன் மேல் சரளைக்கல் நிரப்பிய பெரிய தட்டு. ஒரு குட்டி மோட்டார் தண்ணீரை மேலே ஏற்ற, அது கல்லுக்குள் இறங்கி, திரும்பத் தொட்டியிலேயே விழுந்துகொண்டிருந்தது. கல்லுக்கு நடுவே வெளிறிப்போன இரண்டு கீரைச் செடிகள். அக்கா ஒரு புட்டியிலிருந்து தொட்டிக்குள் எதையோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"மீனே இல்லையேக்கா?"

"இப்ப விட்டா செத்துடும் சார். தண்ணி இன்னும் பழகல."

"கையில என்ன?"

"அமோனியா. உங்க கறைக்கு எடுத்தேன். அப்படியே இதுக்கும் ரெண்டு சொட்டு."

தண்ணீர் எதற்குப் பழக வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லி முடிக்க அவளுக்குப் பல நாள் ஆனது. ஒவ்வொரு தடவையும் "சட்டை இன்னும் ஆகல, அப்புறம் வாங்க" என்பாள். நானும் நல்ல பிள்ளையாகப் போய் வந்தேன்.

(கடையில் நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். நெருங்கிப் பார்க்கிற ஆசையில் வந்த வினை.)

2

நான் எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

மீன்களுக்குத் தெரியாது, மனிதர்கள் ஏன் (வேண்டாம். மீன்களையாவது நிம்மதியாக விடுவோம்.)

தம்பி வீடு திரும்பிய அன்று வானம் (வானத்தை யாரும் பார்க்கவில்லை. தம்பி தரையைப் பார்த்தான், அக்கா தம்பியைப் பார்த்தாள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒரே தம்பி. நாற்பதைத் தாண்டிய லிஃப்ட் மெக்கானிக். மனைவியோடு ஒத்துப்போகாமல், விவாகரத்து ஆகி, ஒரு பையும் கருவிப்பெட்டியுமாக அக்காவிடம் வந்து சேர்ந்தான். கடைக்கு மேலேதான் வீடு. வேலைக்குப் போவான், வருவான், போட்டதைச் சாப்பிடுவான், சுவரைப் பார்த்து உட்காருவான். கேட்டதற்கு 'ம்' என்பான். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மைத் தூக்கி வந்தான்.

"என்னடா இது?"

"மீன் வளர்க்கப் போறேன்க்கா. மேல கீரை. மீனோட கழிவு செடிக்கு உரமாகும். செடி அந்தத் தண்ணியச் சுத்தமாக்கி மீனுக்கே திருப்பிக் குடுத்துடும்."

"அப்ப யாரும் எதையும் கழுவ வேணாமா?"

"உனக்கு இங்க வேலையே இல்ல. நீ கை வைக்கவே கூடாது."

சிரித்துக்கொண்டே சொன்னான். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. அக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பூரித்துப்போனாள். சொன்னது காதில் ஏறவில்லை.

அவனுக்கும் இது கற்றுக்குட்டி வேலைதான். முதல் தடவை தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டாம் தடவை வடிகுழாய் அடைத்து, தண்ணீர் வழிந்து, மடித்து வைத்திருந்த ஏதோ ஓட்டலின் வெள்ளை விரிப்புகளை நனைத்தது. அக்கா வாய் ஓயாமல் திட்டினாள். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். திட்டுவதற்கு ஒரு ஆள் திரும்பக் கிடைத்துவிட்டானே!

பிடித்த தண்ணீரை வாளிகளில் ஊற்றி, மூடாமல் படிக்கட்டு ஓரமாக வரிசையாக வைத்திருப்பான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் போகட்டும் என்று. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதில் கால் இடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கெண்டைக் குஞ்சுகள் வந்தன. கீரை தளதளவென்று எழுந்தது.

3

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதை இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. மீனின் கழிவில் அமோனியா உண்டு. அது மீனுக்கே நஞ்சு. அந்த நஞ்சைச் செடிக்கு உணவாக மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை கல்லில் ஒட்டிக்கொண்டு வாழும். குடியேறிப் பெருக வாரக்கணக்காகும். நம் கண்ணுக்கு அவை தெரிவது, கல்லின் மேல் பழுப்பாக, வழவழவென்று, பார்க்க அருவருப்பாக. சுருக்கமாக, அழுக்காக.)

4

வெளியூரில் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலை. தம்பி சில நாள் போய்விட்டான். தீனி போடப் போன அக்கா கல்லைத் தொட்டுப் பார்த்தாள். விரல் வழுக்கியது. வாழ்நாளெல்லாம் கறையோடு மல்லுக்கட்டியவள் அவள். அவளுடைய பாசத்துக்குத் தெரிந்த ஒரே வேலை துவைப்பது. பாவம், வேலைக்கும் போய்க்கொண்டு இதையும் எங்கே பார்ப்பான் என்று நினைத்தாள்.

மீன்களை வாளிக்கு மாற்றினாள். கல்லை ப்ளீச்சிங் பவுடர் போட்டு அலசினாள். தொட்டியைத் தேய்த்தாள். திரும்பத் திரும்பக் கழுவி, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டாள். இடுப்பு ஒடிந்தது. ஆனால் தொட்டி கண்ணாடி மாதிரி மின்னியது.

தம்பி வந்தான். பார்த்தான்.

(இந்த இடத்தில் அவனைக் கத்த விட்டு இரண்டு பக்கம் எழுதினேன். வாளியை உதைத்தான், பழைய கதையெல்லாம் பேசினான். நல்ல பக்கங்கள். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவன் கத்தவே இல்ல சார். கத்தியிருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்றாள். கிழித்துவிட்டேன்.)

அவன் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா பளிச்சுன்னு இருக்குக்கா."

மறுநாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவன் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொன்றாக மிதந்தன. கீரையும் மஞ்சளடித்தது. அக்கா ஏன் என்று கேட்டபோது, "தெரியலக்கா, நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல" என்றான்.

கடைசி மீனை அவன் வலையில் அள்ளிய அன்று, மனசு கேட்காமல், அவன் மேல் இருந்த பரிதவிப்பெல்லாம் கோபமாகி, அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"உன் கை பட்டு எதுடா நிலைச்சிருக்கு?"

மீனைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவன் வலையை உதறி, ஆணியில் மாட்டினான். கொஞ்ச நாளில் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். சண்டை இல்லை. ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். மெஷின் ஓடுதா, சாப்பிட்டியா, சரி வைக்கிறேன்.

5

புது மீன் விட்டு வைத்தால் வந்துவிடுவான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள். வண்ணமீன் கடைக்குப் போனாள். நடந்ததைக் கேட்ட கடைக்காரர், மீனை எடுக்காமல், "கல்லைக் கழுவினீங்களா?" என்றார்.

"ஆமா. நல்லா ப்ளீச் போட்டு."

அவர் பொறுமையாக விளக்கினார். நீங்கள் மூன்றாம் பகுதியில் படித்ததைத்தான். அவள் வெறும் பையோடு வந்து, கடையைப் பாதி சாத்தி, துணிக்குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள். மீன் செத்ததற்கு அல்ல. வெளியூரிலிருந்து வந்த அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வாயைத் திறக்கவில்லை. அக்காவின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றவனைத்தான் அவள் அந்த வார்த்தையால் அடித்தாள்.

இப்போது அவளே தொட்டியைத் திரும்பக் கட்டியிருக்கிறாள். நுண்ணுயிர்களுக்குத் தீனியாக, மீன் கழிவுக்குப் பதில் கறை எடுக்கும் அமோனியா. தினமும் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்து விட்டுப் பார்க்கிறாள். பச்சை நிறம் மஞ்சளானால் நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டன என்று அர்த்தம். கல்லில் பழுப்பு ஏற ஆரம்பித்துவிட்டது. அவள் கை துறுதுறுக்கிறது. முந்தானையில் சுருட்டி வைத்துக்கொள்கிறாள்.

6

"நீங்க எழுதுறவருதானே? அவன்கிட்ட என்ன சொல்லணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

எழுதினேன்.

*அன்று சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே, தம்பி.*

"கஞ்சி போட்டு இஸ்திரி பண்ண மாதிரி வெறைப்பா நிக்குது."

*என் தப்புக்கு உன்னைத் திட்டிவிட்டேன்.*

காகிதத்தை வாங்கிப் படித்தாள். "இது உண்மைதான். ஆனா இதச் சொன்னா அவன் 'பரவால்லக்கா'ன்னுடுவான். அதோட முடிஞ்சுது. எனக்கு அது வேணாம்."

*நீ இல்லாத* (இதை நானே அடித்துவிட்டேன்.)

அப்போது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. மெஷின் ஓடுது. சாப்பிட்டேன். நீ? 'சரி வைக்கிறேன்' வருகிற இடத்தில் அவள் அவசரமாக எழுந்து தொட்டிப் பக்கம் போனாள்.

"டேய் தம்பி, இரு. தொட்டியில தண்ணி ஊத்தி ஓட விட்டிருக்கேன்டா. கல்லுல பழுப்பா, வழவழன்னு படிஞ்சிருக்கு." மூச்சு வாங்கினாள். "கழுவட்டுமா, வேணாமா?"

7

அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. அவள் முதுகைத்தான் பார்த்தேன். முதுகை வைத்துக் கதை முடிக்கும் அளவுக்கு நான் கெட்டிக்காரன் இல்லை.

'வேணாம்க்கா, நான் வரேன்' என்று எழுத ஒரு நொடி ஆகாது. 'இன்னும் எதுக்கு அதெல்லாம், தூக்கிப் போடு' என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நடந்திருக்கக்கூடியவை.

திரும்பி வந்தவளிடம், "என்னக்கா சொன்னார்?" என்றேன். அவள் என் சட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கறை லேசா இருக்கும் சார். இதுக்கு மேல தேய்ச்சா துணி போயிடும்."

அதைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பியின் பதிலுக்காகக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பேனா கசிந்தால் கசியட்டும்.

"அக்கா, ............................................"