விளக்கு வைத்த வீட்டுக் குப்பை

குப்பை வண்டி காலையில் வந்துகொண்டிருந்தவரை எங்கள் தெரு ஒற்றுமையாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பகை அப்போதும் இருந்தது. நாற்றம்தான் இல்லை.

போன மாதம் புது விதி போட்டார்கள். வண்டி இனி மாலை ஆறரைக்குத்தான் வருமாம். மக்கும் குப்பை பச்சை வாளியில், மக்காதது நீல வாளியில். கலந்திருந்தால் எடுக்க மாட்டார்கள். அது யார் வாசலில் இருக்கிறதோ அவர்களுக்கு நோட்டீஸ். இதைப் போட்ட புண்ணியவான் வீட்டில் பெண்களே இல்லையோ என்னவோ. விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டில் குப்பையை வெளியே எடுத்துவருவார்கள்? லட்சுமி வருகிற நேரம் என்று துடைப்பத்தைக்கூடத் தொட மாட்டார்கள்.

நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எதிர்வீட்டுக் கீதாக்கா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். விளக்கு வைப்பதற்கு முன்னால் தன் வீட்டுக் குப்பையை ஒரு கேரி பையில் கட்டி என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். மீந்த சோறு, பால் கவர், பேரனின் டயப்பர், எல்லாம் ஒரே பையில். வைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். உனக்குத்தான் விளக்கு கிடையாதே சோபியா, சேர்த்துப் போட்டால் கை தேய்ந்துவிடுமா என்றாள். என் அம்மா கீதாக்கா வீட்டுக் கழனியில் கூலிக்கு நடவு நட்டவள். அந்த நினைப்பு அவளுக்கு இன்னும் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குப் பிழைப்பே அந்த வாசல்தான். மாலையில் அங்கே அடுப்பு வைத்து போண்டா போடுவேன். சாலவாக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் வாடிக்கை. பையில் ஈ மொய்ப்பதைப் பார்த்ததும் அவர்கள் பிஸ்கட் வாங்கப் போய்விட்டார்கள்.

வண்டியோடு வருகிற மேஸ்திரி தமிழரசன் முதல் தடவை திட்டினார். அடுத்த தடவை, இனி கலந்த குப்பை இருந்தால் அடுப்பைத் தூக்கிவிடுவேன் என்றார். என் குப்பை இல்லை என்று எதிர்வீட்டைக் காட்டினேன். கீதாக்கா அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"விளக்கு வெச்சப்புறம் எங்க வூட்டு குப்பை வெளிய போவாது சார். தெருவுக்கே தெரியும்."

தெருவும் தலையாட்டியது. எந்தச் சாக்கைச் சொல்லி என் வாசலை நாறடித்தாளோ, அதையே சாட்சிக்கு இழுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பை வந்தது. வண்டி வரும்வரை காத்திருந்து, மேஸ்திரியின் கண்ணெதிரே அதை அவிழ்த்தேன். எரிந்த திரி, வாடிய பூச்சரம், காலி கற்பூர டப்பா, சாம்பார் வழிந்த பால் கவர். எங்கள் வீட்டில் கற்பூரம் ஏது சார் என்று கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எதிரே இருந்த கீதாக்காவின் மாடிவீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யாரு வூட்டு குப்பைன்றது எனக்கு வேணாம்மா. யாரு வாசல்ல கீதோ அவங்களுதுதான். ரூல்ஸு அப்டி. அடுப்ப எடு."

சரி என்றேன். பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். கீதாக்கா வாசற்படியை மறித்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கு எரிகிற வீட்டுக்கு எதைக் கொண்டுவருகிறாய் என்று கத்தினாள். அவள் இடுப்புக்குப் பக்கமாகக் கையை விட்டு, நிலைவாசலுக்கு உள்ளே பையை வைத்தேன்.

"வெளிய போவக் கூடாதுன்னுதானக்கா சொன்னீங்க? உள்ள வர்லாமில்ல."

தூக்கி எறியக் குனிந்தவள் பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். தலையாட்டிய தெரு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது யார் வாசலில் இருக்கிறது என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் அடுப்பைத் தொடாமலே வண்டியைக் கிளப்பச் சொன்னார். கீதாக்கா பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். விடியும்வரை அது அவளோடுதான் இருந்தாக வேண்டும்.