டெல்பர்ட் தோண்டிய குழி

ஸ்டீல்ஹெட் மீன் முட்டையிட வாலால் சரளையைக் கிளறிக் குழி பறிக்கும். பாசி போய், அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். வசந்தத்தில் வாராவாரம் ஓடையில் இறங்கி அந்தக் குழிகளை எண்ணுவது எங்கள் வேலை. நாலு வருஷமாகப் பூஜ்யம் எழுதி எழுதி எனக்கு வெறுத்துவிட்டது.

இன்று என்னோடு எண்ண வந்த டெல்பர்ட் கத்தினான். "லொரிண்டா, ஓடி வா! குழி!"

பளிச்சென்றுதான் இருந்தது. நோட்டில் ஒன்று என்று எழுதிவிட்டு, அடையாள ரிப்பன் கட்டக் கரையோரக் கிளையைப் பிடித்தேன். அது ஏற்கெனவே முறிந்து தொங்கியது. போன வாரம் வழுக்கி விழுந்தபோது அவன் பிடித்த கிளை.

"டேய், இது நீ விழுந்து புரண்ட இடம்டா!"

அவன் முகம் செத்துப்போயிற்று. அவனே நோட்டை வாங்கி அந்த ஒன்றை அழித்தான்.

"சிரிச்சுத் தொலையேன், லொரிண்டா."

"எப்படிடா சிரிக்கிறது? நாலு வருஷத்துல இந்த ஓடையில குழி பறிச்சது நீ ஒருத்தன்தான்."