வெள்ளகோவில் மாரிஸ்

சந்தகையைப் பிழிந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு எள்ளுப்பொடி எடுக்கச் சமையலறைக்குத் திரும்பினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் செய்தித்தாளை விரித்து ஒரு கார்புரேட்டரை வைத்திருந்தார். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. சந்தகையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் அடையாளம். "கனகம், பாத்தியா. ஒரிஜினலு" என்றார். வாயில் வைக்கப் பிடிக்காமல் மொத்தத்தையும் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். அவர் கவனிக்கவே இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் திருமலைசாமி என்றால் பீளமேட்டில் தெரியாதவர்கள் இல்லை. மில் என் மாமனார் கட்டியது. இவர் கைக்கு வந்தபிறகு மூன்று ஷிப்ட் இரண்டாகி, அந்தத் தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரே ஷிப்ட் நொண்டிக்கொண்டிருந்தது. அதைப்பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேச்செல்லாம் மாமனார் விட்டுப்போன மாரிஸ் எயிட் காரைப் பற்றித்தான். யுத்தத்துக்கு முன்னால் வந்த வண்டி. அதற்கு எந்தச் சாமானும் கிடைக்காது. பம்பாய் புரோக்கர் சொல்லும் விலையைக் கேட்டால் நமக்குக் காது அடைத்துக்கொள்ளும். இங்கிலாந்துக்கு எழுதிப்போட்டு ஒரு விளக்குக் கண்ணாடியை வரவழைத்தால், கண்ணாடி விலையைவிடச் சுங்கத்தீர்வை அதிகமாக இருக்கும். அது வந்துசேரும்போது விரிசல் விட்டிருக்கும். அதையும் பட்டுத்துணியில் சுற்றி என் நகை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவார்.

இத்தனைக்கும் உக்கடத்தில் லேத் வைத்திருந்த ஜபருல்லா பாய் எதைக் காட்டினாலும் அதேபோல் ஒன்றைக் கடைந்து கொடுப்பார். அவர் செய்த சாமான்களைப் போட்டு எங்கள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஓடினால் போதாதாம். ஊட்டிக்கு நடக்கும் பழைய கார் ரேலியில் நடுவர்கள் முட்டி போட்டு வண்டிக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்து, கம்பெனி முத்திரை இல்லாத சாமானுக்கெல்லாம் மார்க்கைக் குறைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளப்காரர் கோவிந்தராஜுலு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, "லோக்கல் சாமான் போட்டுட்டு ரேலிக்கு வர்றதும், கவரிங் நகை போட்டுட்டுக் கல்யாணத்துக்கு வர்றதும் ஒண்ணுங்க" என்பார். இவருக்கு முகம் சுண்டிப்போகும். இரண்டு கிழவர்கள், ஒரு துருப்பிடித்த கதவுக் கைப்பிடியை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் காபி டம்ளரோடு நின்று பார்த்திருக்கிறேன். சகிக்காது.

அந்தத் தை மாதம் காங்கயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்க வேண்டியவர்கள், வெள்ளகோவிலுக்கு வண்டியை விட்டோம். அங்கே அங்கப்பன் என்பவரிடம் இதே மாரிஸ் ஒன்று நிற்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கப்பனின் அப்பா, மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டருக்கு டிரைவராக இருந்தவர். டாக்டர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கப்பன் அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஓட்டினார். தோட்டங்காட்டுக்காரர்கள் வீட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் ஊர் சுற்றி வருவார்கள். அவர்கள் காட்டில்தான் அங்கப்பனின் தாத்தா பண்ணையாளாக இருந்தாராம். பின் ஆக்ஸிலில் பல்சக்கரம் உடைந்து வண்டி நின்றுவிட்டது. அவரும் ஈரோடு, சேலமெல்லாம் அலைந்து பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. ஓடாத வண்டியைத் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி, தினமும் துடைத்து வைத்திருந்தார்.

விலையை வாயால் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் அங்கப்பன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பேசுவதுபோல் துண்டுக்குள் கையை விட்டு, விரலைத் தொட்டுத்தான் பேச வேண்டுமாம். இவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். துண்டு அங்கேயும் இங்கேயும் அசைந்தது. ஒரு கட்டத்தில் அங்கப்பன் கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"மொதலாளி, ஒரே பேச்சுங்க. அடிமாட்டுக்குப் போகக்கூடாது."

"மாடா இது?"

"பிரிச்சுப்போடக் கூடாதுங்கறேனுங்க. நீங்க சரி பண்ணி ஓட்டோணும். ஆவணீல எம்புள்ள கயல்விழிக்குக் கண்ணாலம். அன்னிக்கு ஒருநா அனுப்பி வெச்சீங்கன்னாப் போதும். எங்கூர்த் தெருவுல ஒரே ஒரு சுத்து. அதுக்கோசரம் நானே ஒரு வெரலக் கொறச்சுக்கறனுங்க."

"அட, அதுக்கென்னப்பா. பளபளன்னு அனுப்பறேன். இந்தா, எஞ்சம்சாரமே சாட்சி."

துண்டுக்குள் ஒரு விரல் மடங்குவது துணியின் மேலேயே தெரிந்தது. நானும் தலையை ஆட்டி வைத்தேன். வண்டியை லாரியில் ஏற்றும்போது அங்கப்பன், முன்பக்கம் சொருகிச் சுற்றுகிற ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை அல்லவா, அந்தக் கணக்கு. கண்ணாலத்தன்று தானே கொண்டுவந்து சுற்றி ஸ்டார்ட் செய்வதாகச் சொன்னார்.

ஜபருல்லா பாய் வந்து படுத்துப் பார்த்துவிட்டு, "பல்சக்கரம் நான் வெட்டித் தந்துர்றேன், ஒரு வாரத்துல ஓடும்" என்றார். இவர், பார்க்கலாம் பாய், மொதல்ல என்னோடது முடியட்டும் என்றார். அதற்குப் பிறகு நடந்ததை அறுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் விளக்குகள் போயின. பிறகு மீட்டர்கள், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கதவுகள். அன்றைக்கு என் சந்தகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார்புரேட்டரும் அதிலிருந்து பிடுங்கியதுதான். வாரம் ஒன்றாக எல்லாம் எங்கள் வண்டிக்கு ஏறின. மிச்சத்தைப் பங்களாவுக்குப் பின்னால் கழிவுப் பஞ்சு போடும் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள்.

"ஏனுங்க, அந்தாளுக்கு வாக்குக் குடுத்தீங்களே" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊர்ல வேற காரே இல்லியா? நம்ம கான்டெசாவை ஏசி போட்டு அனுப்புனாப் போவுது. அவங்களுக்கு அதுவே பெருசு."

அவங்களுக்கு என்றபோது உதட்டை ஒரு சுழி சுழித்தார் பாருங்கள். முப்பத்தைந்து வருஷம் இந்த உதட்டுக்குச் சோறு வடித்துப் போட்டிருக்கிறேன்.

ஆவணி பிறந்ததும் அங்கப்பனும் அவர் சம்சாரம் பழனியாத்தாளும் பத்திரிகை வைக்க வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்து போர்ட்டிகோவோடு நின்றுகொண்டார்கள். சமையல்காரி அவர்களுக்கென்று தனி டம்ளரைத் தேடுவது எனக்குக் கேட்டது. அதைத் தூக்கி எறி என்று சத்தம் போட்டு, வீட்டு டம்ளரிலேயே கொண்டுவரச் சொன்னேன். அதனால் ஒன்றும் பெரிதாக ஆகிவிடவில்லை. அந்த இரண்டு டம்ளர்களும் மறுநாளிலிருந்து அலமாரிக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தட்டை நான்தான் வாங்கினேன். அங்கப்பன் கக்கத்தில் இருந்த துண்டை விரித்தார். உள்ளே ஹேண்டில், எண்ணெய் போட்டுத் துடைத்து மின்னிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ வண்டில சொருகிப் பாத்துட்டுப் போலாம்னு எடுத்தாந்தனுங்க. அன்னிக்கு மக்கர் பண்ணீரக் கூடாது பாருங்க."

இவர் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. பாய்ந்து வாங்கி, முனையில் இருந்த முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எங்கள் வண்டியின் ஹேண்டில் எந்தக் காலத்திலோ தொலைந்துபோனது. அடுத்த வாரம் ரேலி. "ஒரிஜினலு, கனகம்!" என்றார். கொண்டுவந்தவர் எதிரில் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லை. எச்சில் இலையைக் கண்ட நாய்கூடச் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்க்கும்.

"வண்டியப் பாத்துட்டுப் போறமுங்க" என்றார் அங்கப்பன்.

"வண்டியா? அது... ஒர்க்ஷாப்ல இருக்குதப்பா. பெயிண்ட் அடிக்கறாங்க." ஹேண்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "வேண்ணா எஞ்சம்சாரத்தைக் கேளு."

மறுபடியும் சாட்சி. அங்கப்பன் என்னைப் பார்த்தார். பழனியாத்தாள் முகம் பூராவும் சிரிப்பாக நின்றிருந்தார். பெயிண்ட் என்றதும் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. ஆமாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். அன்றைக்குக் கான்டெசா போயிருக்கும். கல்யாண அவசரத்தில் யாரும் வாயைத் திறந்திருக்கவும் மாட்டார்கள். இவருக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் என்னை முன்னால் தள்ளினார். அந்தச் சொல் என் வாய்வரை வந்தது. மண்ணெண்ணெயைக் குடித்ததுபோல் இருந்தது.

"பொறத்தால கொட்டாய்ல நிக்குதுங்க. வாங்க" என்றேன்.

"கனகம்!" என்றார் இவர். நான் திரும்பவில்லை.

கொட்டகைக் கதவைத் தள்ளியதும் பஞ்சுத் தூசி பறந்தது. நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் தகரக் கூடு மட்டும் உட்கார்ந்திருந்தது. விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. கதவு இல்லை, சீட் இல்லை, ஸ்டியரிங் இல்லை. தரையெல்லாம் பூனை அசிங்கம். அங்கப்பன் சுற்றிவந்து ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பானெட் மேலிருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் ஒருக்காலும் இதுல ஏறுனதில்லீங்கம்மணி" என்றார் பழனியாத்தாள். "கண்ணால வண்டி, அழுக்காயிரும்னு இவரு உடமாட்டாரு. புள்ளையோட ஏறிக்கலாம்னு இருந்தனுங்க."

சொல்லிவிட்டுச் சேலைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு, கதவில்லாத பக்கமாக உள்ளே ஏறினார். பின் சீட் இருந்த இடத்தில், வெறும் தகரத்தின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தார்.

"எறங்கு புள்ள" என்றார் அங்கப்பன். துடைப்பதை நிறுத்தவில்லை.

அந்தம்மா இறங்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாத முன்சட்டத்தின் வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.